சீர்வரிசையில் வந்த டூல்ஸ் பெட்டி

என் கல்யாணத்துக்கு அப்பா சீராகக் கொடுத்தது ஒரு டூல்ஸ் பெட்டி. பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும் பேருக்கு இரண்டு இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஓசூரில் மாமியார் வீட்டு வாசலில் வண்டியிலிருந்து கடைசியாக இறங்கிய அந்தத் தேக்குப் பெட்டிதான் சீர்வரிசைக்கே ராஜா. மூலைக்கு மூலை இரும்புப் பட்டை, இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி, முன்னால் ஒரு பெரிய பூட்டு. இரண்டு ஆம்பிளைகள் முக்கி முனகி இறக்கி வைத்தார்கள்.

மாமியார் ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பெட்டி அசையவில்லை. அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

"பரவால்லியே! ஜோலார்பேட்டைக்காரங்க பாத்திரத்த கனமாத்தான் கட்டிக் குடுத்திருக்காங்க" என்று சுற்றி நின்ற பெண்களுக்குக் கேட்கும்படி சொன்னார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு பூட்டைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதும் கூட்டமே கழுத்தை நீட்டியது. உள்ளே பச்சை நிறக் கம்பளித் துணி விரித்த தட்டுகள். தட்டு நிறைய ஸ்பானர், அரம், உளி, குறடு, திருப்புளி, கைப்பிடி கறுத்துப்போன சுத்தியல். ஒரு கரண்டிகூட இல்லை.

மாமியார் அன்றைக்கு எனக்கு வைத்த பெயர் 'இரும்புப் பெட்டிக்காரி.' தெருவில் பாதிப் பேர் தமிழிலும் மீதிப் பேர் கன்னடத்திலும் தெலுங்கிலும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனாலும் புதுப்பெண், என்ன செய்ய? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்பா ஜோலார்பேட்டை ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. சீமைக்குக் கப்பல் ஏறிய ஒரு ஆங்கிலோ இந்திய இன்ஜின் டிரைவரிடமிருந்து அவர் ஆசைப்பட்டு வாங்கிய பெட்டி அது. மாப்பிள்ளை மோட்டார் மெக்கானிக் என்று தெரிந்ததுமே, "அப்ப பெட்டி பொண்ணு கூடப் போவட்டும்" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு என்று சொல்லவில்லை, பொண்ணு கூட என்றுதான் சொன்னார். அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பெட்டி என்னுடையது. சாவியைத் தாலிச் சரட்டில் ஊக்கோடு சேர்த்துக் கோத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அப்போது பெங்களூரில் ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்த அன்றைக்கு அவர் முகத்தில் வந்த வெளிச்சம், என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட வந்ததில்லை. உண்மையைத்தான் சொல்கிறேன். அடுத்த வருஷமே கம்பெனியை விட்டார். ஓசூருக்கு வெளியே, சூளகிரி போகும் ரோட்டோரப் புளியமரங்களுக்கு நடுவே தகரக் கொட்டகை ஒன்று போட்டார். பின்னால் ஒரு அறை, ஒரு அடுப்பு. அதுதான் எங்கள் ஒர்க் ஷாப்பும் வீடும்.

மாமியாருக்கு இது அறவே பிடிக்கவில்லை. ஊருக்குள் இருந்து சாயங்காலமானால் நடந்தே வந்துவிடுவார். கேழ்வரகுக் களியும் அவரைக்காய்க் குழம்பும் தூக்குப் போசியில் இருக்கும்; அதோடு வசவும் வரும். "மாசமானா கையில சம்பளம் வர்ற வேலைய விட்டுட்டு இந்த ஓட்டப் பெட்டிய நம்பிக்கினு உக்காந்திருக்கறான். என்னிக்கு இந்தப் பெட்டி சோறு போடாம நிக்குதோ, அன்னிக்கே ரெண்டு பேரும் மூட்டையக் கட்டிக்கினு பெங்களூருக்கு நடங்க!"

மகன் வாயைத் திறக்க மாட்டார். ஒரு நாள் ஒரேயொரு முறை, "சரிம்மா, அப்பிடி ஒரு நாள் வந்தா போயிடறேன்" என்று சொல்லிவிட்டார். நான் போகத் தயாராக இல்லை. பெங்களூரில் அவர் கம்பெனிக்குப் போனதும், மூன்று குடித்தனம் சேர்ந்து புழங்கும் சந்து வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் நான். இங்கே எனக்கு ரோடு இருந்தது, வேலை இருந்தது. பெட்டி இருந்தது.

பெட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சாயங்காலம் ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் துடைத்து, விளக்கெண்ணெய் தொட்ட துணியால் ஒரு நீவு நீவி வைப்பேன். துரு ஏறாமல் இருக்கத் தட்டுக்குத் தட்டு ஒரு துண்டு கற்பூரம். பழைய புடவையைக் கிழித்து, ஸ்பானர்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் வரிசையாகச் செருகப் பை தைத்தேன். இங்கிலீஷ் லாரி நட்டுக்கு ஒரு கணக்கு. யுத்தம் முடிந்து மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் விட்ட அமெரிக்க லாரி நட்டுக்கு வேறு கணக்கு. ஸ்பானரில் இரண்டுக்கும் அரை இன்ச் என்றே போட்டிருக்கும், ஒன்று மற்றதில் சேராது. அவர் லாரிக்கடியில் படுத்துக்கொண்டு கையை நீட்டுவார். தப்பானது போனால் கத்துவார். நான் ஒரு நாள் பெயின்ட் டப்பாவை எடுத்து, இங்கிலீஷ் ஸ்பானருக்கெல்லாம் மஞ்சளும் அமெரிக்க ஸ்பானருக்கெல்லாம் சிவப்பும் பூசிவிட்டேன். பிறகு அவர் "மஞ்சள் அரை" என்பார், "குங்குமம் முக்கால்" என்பார். மாமியார் பார்த்துவிட்டு, "இன்னும் பூ வெக்கறது ஒண்ணுதான் பாக்கி" என்றார்.

கீழ்த் தட்டில் ஒரு சிக்கல் இருந்தது. மண்ணெண்ணெய் பாட்டிலும் விளக்கெண்ணெய் பாட்டிலும் உருண்டையாக இருந்ததால் அங்கே அடங்கவில்லை. பெங்களூரிலிருந்து பழைய பாட்டில் வாங்கி வருகிறவரிடம் தட்டையாக இரண்டு சப்பை பாட்டில் கேட்டு வாங்கினேன். அளவெடுத்துச் செய்ததுபோல் கச்சிதமாக உட்கார்ந்தன. அவை பிராந்தி பாட்டில்கள் என்று எனக்குத் தெரியும். கழுவியாயிற்று, வாசனை போயாயிற்று, அப்புறம் என்ன என்று விட்டுவிட்டேன். லேபிளைச் சுரண்டச் சோம்பேறித்தனம்.

இப்போது அந்தப் பங்குனி மாதத்து நாளுக்கு வருகிறேன்.

மறுநாள் காலையில் நாங்கள் பாரூருக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஏரிக்கால்வாய் ஓரம் கரும்பு போட்டிருந்த ஒரு விவசாயி கிணற்றுக்கு ஆயில் இன்ஜின் வாங்கியிருந்தார். அதைப் பொருத்தி ஓட்டிக் கொடுக்கும் வேலை எங்களுக்கு வந்திருந்தது. லாரி, பஸ்ஸைத் தவிர வேறு வேலை வந்தது அதுதான் முதல் தடவை. அதைச் சுத்தமாகச் செய்துவிட்டால் அந்தப் பக்கத்துத் தோட்டங்களெல்லாம் கூப்பிடும் என்று அவர் தரையில் நடக்காமல் நடந்துகொண்டிருந்தார். எனக்கும் அதே கதைதான். நானும் கூட வருகிறேன் என்று சொல்லியாயிற்று. பெட்டி போகிற இடத்துக்கு நான் போகாமல் எப்படி?

அன்றைக்குக் கோலார்ப் பக்கத்து லாரி ஒன்று உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு மெட்ராஸுக்குப் போகிற வழியில் கிளட்ச் கெட்டு எங்களிடம் நின்றது. டிரைவர் பெரிய மீசைக்காரர், நல்ல மனுஷர், கன்னடம் தவிர ஒரு வார்த்தை தெரியாது. என் வீட்டுக்காரருக்கு அது தாய்மொழி மாதிரி. இரண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டே வேலையை முடித்தார்கள். நாளைக்குப் பாரூர் போகிற சங்கதியையும் இவர் அவரிடம் அளந்துவிட்டார்.

ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்ப்போம் என்று கிளம்பினார்கள். வழியில் மக்கர் பண்ணினால் வேண்டுமே என்று, சாவி என்னிடம் இருப்பதைக்கூட மறந்து, பெட்டியின் பூட்டை அமுக்கி, டிரைவரும் அவருமாக லாரியின் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே ஏற்றினார்கள். நான் அப்போது அடுப்படியில் இருந்தேன். அவர்கள் ஏற்றியதும் எனக்குத் தெரியாது.

லாரி நன்றாக ஓடித் திரும்பி வந்தது. அவர் இறங்கிய அதே நேரம் கிருஷ்ணகிரி போகிற பஸ் ஒன்று மூக்கிலிருந்து புகை புகையாக ஆவி விட்டுக்கொண்டு வந்து கொட்டகை முன்னால் நின்றது. ரேடியேட்டர் கொதித்து, குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பயணிகள் குதித்து இறங்கினார்கள். இவர் லாரியையும் பெட்டியையும் மறந்து அங்கே ஓடினார்.

நான் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். லாரி டிரைவர் இன்ஜினை அணைக்காமல் தலையை வெளியே நீட்டி, பின்பக்கம் கையைக் காட்டி, என்னைப் பார்த்துக் கத்தினார்:

"அம்மா! பெட்டிகெ இல்லே ஐத்தெ!"

எனக்குக் கன்னடம் தெரியாது. ஆனால் பெட்டி என்பது தெரியாதா, இல்லே என்பது தெரியாதா? பெட்டி இல்லே. லாரியில் எங்கள் பெட்டி ஏதும் இல்லை, நான் கிளம்புகிறேன் என்று நியாயமாகச் சொல்லிவிட்டுப் போகிறார் என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த 'ஐத்தெ'யை நான் சட்டை செய்யவில்லை.

"சரிங்க, சரிங்க! போய்ட்டு வாங்க!" என்று சிரித்துக்கொண்டே கையையும் ஆட்டினேன்.

அவரும் சிரித்தார். லாரி போயே போய்விட்டது.

பஸ்ஸின் முன்மூடிக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "இந்தா! சின்னத் திருப்புளியும் குறடும் எடுத்தா!"

கொட்டகைக்குள் போனேன். பெட்டி இருக்கும் இடத்தில் அதன் அளவுக்குத் தரை மட்டும் எண்ணெய்க் கறையில்லாமல் வெளுத்துக் கிடந்தது. ஓடி வந்தேன்.

"பெட்டி எங்கங்க?"

"லாரியில ஏத்தினமே. டிரைவரு உன்கிட்ட சொல்லலியா?"

"அவரு பெட்டி இல்லேன்னாரே!"

அவர் மூடிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார். முகமெல்லாம் கரி. "இன்னா சொன்னாரு? அப்பிடியே சொல்லு."

"பெட்டிகெ இல்லே, ஏதோ ஐத்தேன்னாரு."

அவர் கரிக்கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ! இல்லேன்னா கன்னடத்துல இங்கியேன்னு அர்த்தம். பெட்டி இங்கியே இருக்குதுன்னு சொல்லியிருக்கறாரு! நீ இன்னா சொன்ன?"

"போய்ட்டு வாங்கன்னேன்."

சுற்றி நின்ற பயணிகள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "இது என்ன பாஷைங்க? இருக்கிறதப் போய் இல்லேன்னு சொல்றது!" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன், அவர்தான் கன்னடத்தைக் கண்டுபிடித்தவர் மாதிரி. கத்திக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது. மாமியாரின் வார்த்தை காதுக்குள் கேட்டது. பாரூர் இன்ஜின் போயிற்று, ஒர்க் ஷாப் போயிற்று. பெங்களூர்ச் சந்து வீடு வாயைத் திறந்துகொண்டு கூப்பிட்டது.

அவர் அப்படியே பஸ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "அவரு மெட்ராஸ் போற வண்டி. எங்கன்னு புடிக்கிறது?"

பஸ் டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "நான் அதே ரோட்டுலதான போறேன்? பாரம் ஏத்தின வண்டிதான அது? இந்தக் கொழாய மட்டும் கட்டிக் குடு மெக்கானிக்கு, சூளகிரிக்குள்ளியே புடிச்சிப்புடலாம்!"

"கட்டறதுக்குச் சாமான் வேணுமே! எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள இருக்குதுப்பா!"

வேடிக்கையைப் பார்த்தீர்களா? பஸ் ஓடினால்தான் பெட்டி கிடைக்கும். பெட்டி இருந்தால்தான் பஸ் ஓடும். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். சோற்றுப் பானையை இறக்கும் இடுக்கியை எடுத்தேன். துணி காயப்போட்டிருந்த கம்பியைத் துணியோடு பிடுங்கினேன். தேங்காய் உடைக்கும் கொடுவாளையும் தூக்கிக்கொண்டேன். மூன்றையும் அவர் முன்னால் போட்டேன்.

"இந்தாங்க, எங்க வீட்டு டூல்ஸு!"

அவர் இடுக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் மூடிக்குள் பாய்ந்தார். பழைய சைக்கிள் டியூபைக் கொடுவாளால் நறுக்கிக் குழாயைச் சுற்றி, மேலே கம்பியைச் சுற்றி, இடுக்கியால் கவ்வித் திருகு திருகென்று திருகினார். பானையின் கழுத்தைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத இடுக்கி அன்றைக்கு அப்படி ஒரு பிடி பிடித்தது! தண்ணீர் ஊற்றினார்கள். ஒழுகவில்லை.

"ஏறுங்க! ஏறுங்க!" கண்டக்டர் விசிலை ஊதித் தள்ளினார்.

நான் முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில். கையில் இடுக்கி அப்படியே இருந்தது. அவர் படிக்கட்டில் தொங்கினார். பஸ் புளியமர நிழலுக்கும் வெயிலுக்கும் மாறி மாறிப் பறந்தது. எனக்குப் பயமா சந்தோஷமா என்று தெரியவில்லை. பின்னால் இருந்த சனங்கள் எனக்கு மேலே துடித்தார்கள். தக்காளிக் கூடையோடு இருந்த ஒரு தெலுங்குக்கார அம்மா, எதிரில் எந்தப் புழுதி கிளம்பினாலும், "கனபடிந்தா? கனபடிந்தா?" என்று, தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். சேலம் பக்கத்துத் துணி வியாபாரி ஒருவர், "அதோ லாரி!" என்று கூவுவார். கிட்டே போனால் வைக்கோல் வண்டியாக இருக்கும். எல்லோரும் சேர்ந்து அவரைத் திட்டுவோம்.

சூளகிரி மலை முன்னால் எழும்பித் தெரியும்போது பாழாய்ப்போன ரேடியேட்டர் மறுபடி கொதித்தது. வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். நல்ல வேளை, ரோட்டோரம் ஒரு கிணறு. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் இறங்கி, கிணற்றிலிருந்து வண்டி வரை வரிசையாக நின்று, செம்பு, குடம், தூக்குப் போசி என்று கையில் அகப்பட்டதில் தண்ணீர் கைமாற்றினார்கள். தக்காளி அம்மா கூடையைக் கவிழ்த்துவிட்டுத் தகர டப்பாவில் மொண்டு கொடுத்தார். யார் பெட்டியோ, யார் பிழைப்போ! அதற்காக முன்பின் தெரியாத சனம் இப்படி ஓடியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சூளகிரியைத் தாண்டி இறக்கத்தில் திரும்பினோம். இந்தத் தடவை துணி வியாபாரி கத்தவில்லை, நான்தான் கத்தினேன். அதே லாரி! ரோட்டோரம் நின்றது. அதைச் சுற்றிக் காக்கிச் சட்டைகள். மதுவிலக்குக் காலம் அது. பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வரும் லாரிகளை மதுவிலக்குப் போலீஸார் எங்கே வேண்டுமானாலும் மடக்கிச் சோதனை போடுவார்கள். லாரியிலிருந்து இறக்கிய என் பெட்டி புழுதியில் இருந்தது. கையில் கடப்பாறையோடு ஒரு போலீஸ்காரர். பெட்டிமேல், அசைய மாட்டேன் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் மீசைக்கார டிரைவர்.

பஸ் நிற்பதற்குள் நான் குதித்துவிட்டேன். "உடைக்காதீங்க! ஐயா, உடைக்காதீங்க! என் பெட்டி!"

டிரைவர் என்னைப் பார்த்தார். பெட்டிமேல் எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினார்:

"அம்மா! பெட்டிகெ இல்லே ஐத்தெ! இல்லே ஐத்தெ!"

இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. இங்கேயே இருக்கிறது, இங்கேயே இருக்கிறது. அதைவிட இனிப்பாக ஒரு வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய மொத்தச் சனமும், "இல்லே ஐத்தெ!" என்று திருப்பிக் கத்தியது.

ஆனால் சப்-இன்ஸ்பெக்டருக்கு எங்கள் சந்தோஷம் புரியவில்லை. "பெட்டியத் தூக்கினா உள்ள பாட்டில் சத்தம் கேக்குது. இந்த ஆள் தன் பெட்டி இல்லேங்கறான், சாவியும் இல்லேங்கறான். மாட்டிக்கிட்டா எல்லாரும் சொல்றதுதான். இது யாரோட பெட்டி?"

"என்னுதுங்க."

"உன் புருஷனோடதா?"

"இல்லீங்க. என்னுது. என் சீரு."

"பெட்டியில என்ன இருக்குது?"

"டூல்ஸுங்க. ஸ்பானரு, சுத்தி, அரம்."

"கல்யாணச் சீரா ஸ்பானரு குடுத்தாங்களா?" அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. உடனே அதை அடக்கிக்கொண்டு, "தெற" என்றார்.

சாவி தாலிச் சரட்டில். அதைக் கழற்றித் தருவேனா? புழுதியில் மண்டி போட்டு, பூட்டுக்கு நெஞ்சைக் கொடுத்துக் குனிந்து, சரட்டோடு சாவியை நுழைத்துத் திருகினேன். மூடி திறந்ததும் கற்பூர வாசனை குப்பென்று கிளம்பியது. மஞ்சளும் குங்குமமுமாக ஸ்பானர்கள் புடவைத் துணிப் பைக்குள் வரிசையாக. ஒரு போலீஸ்காரர் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கிவிட்டுச் சட்டென்று இறக்கிக்கொண்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் கீழ்த் தட்டை இழுத்தார். அங்கே என் இரண்டு சப்பை பாட்டில்கள், பிராந்தி லேபிளோடு, ஜம்மென்று படுத்திருந்தன.

எனக்கு உயிரே போய்விட்டது. சோம்பேறித்தனம் பண்ணாமல் அந்த லேபிளைச் சுரண்டியிருக்கக் கூடாதா!

"இது என்னம்மா? இதுவும் சீரா?"

"விளக்கெண்ணெய்ங்க! சத்தியமா! இன்னொண்ணு மண்ணெண்ணெய்!"

அவர் நம்பவில்லை. ஒன்றின் மூடியைத் திருகி, மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தார். அந்த முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. சின்ன வயசில் பேதிக்குக் குடித்த ஞாபகமெல்லாம் அவருக்கு ஒரே சமயத்தில் வந்திருக்க வேண்டும். "போதும், போதும், மூடு" என்று கையை உதறினார். அவருக்கே சிரிப்பு பீறிட்டது. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை, கடப்பாறைக்காரர்கூடச் சிரித்தார். "லேபிளக் கிழிச்சுப் போடும்மா மொதல்ல" என்று சொல்லி அனுப்பினார்.

டிரைவர் நடந்ததைக் கன்னடத்தில் சொன்னார், என் வீட்டுக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார். பெட்டி இங்கேயே இருக்கிறது என்று அவர் சொன்னதற்கு நான் போய் வரச் சொல்லிக் கையாட்டினேன் அல்லவா? நாளைக்குப் பாரூர் போகிறவர்கள், கனமான பெட்டியை முன்கூட்டியே கிருஷ்ணகிரியில் இறக்கி வைக்கத்தான் என்னிடம் ஒப்படைக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டாராம். ஒரு பெண்பிள்ளை நம்பிக் கொடுத்த பெட்டியைப் போலீஸ் உடைக்க விடுவேனா என்று மேலே ஏறி உட்கார்ந்துவிட்டாராம். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். கன்னடத்தில் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னேன். "இல்லே" என்று பெட்டியைத் தட்டிக் காட்டினேன். அவர் மீசை முழுக்கச் சிரித்தது.

பஸ் எங்களை விட்டுவிட்டுக் கிருஷ்ணகிரிக்குப் போனது. பெங்களூருக்குத் திரும்பும் ஒரு லாரியில் பெட்டியோடு நாங்கள் ஏறிக்கொண்டோம். வழியெல்லாம் நான் 'இல்லே, இல்லே' என்று புதுச் சினிமாப் பாட்டு மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அவர் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கொட்டகைக்கு எதிர்ப்பக்கம் இறங்கினோம். பெட்டியைப் புளியமரத்துக்குப் பின்னால் இறக்கி வைத்துவிட்டு லாரி போயிற்று. கொட்டகை வாசலில் மாமியார். தூக்குப் போசி பக்கத்தில் திறக்காமல் இருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் எல்லாம் சொல்லியிருப்பார் போல. எங்களைக் கண்டதும் எழுந்து ரோட்டோரம் வரை ஓடி வந்தார்.

"பெட்டி எங்கடி?"

எனக்கு இருந்த குஷியில், அன்றைக்குக் கற்ற வித்தையைக் காட்டாமல் இருக்க முடியுமா? மரத்துப் பக்கம் கையைக் காட்டி, "இல்லே, அத்தே! இல்லே!" என்று கூவினேன்.

மாமியாருக்கு மூன்று பாஷை தெரியும். ஆனால் சொன்னது நான் ஆயிற்றே! தமிழைத் தவிர எதுவும் தெரியாத ஜோலார்பேட்டைக்காரி சொன்னால் அவர் தமிழாகத்தானே எடுத்துக்கொள்வார்? இரண்டு கையும் தலைக்குப் போயின. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சா? அய்யோ, எம் மருமவ பெட்டி போச்சே! தெனம் தொடச்சித் தொடச்சி, கொழந்த மாதிரி வெச்சிருந்தாளே! எந்தப் பாவி தூக்கிக்கினு போனானோ!"

கல்யாண நாளிலிருந்து அந்தப் பெட்டியை ஒரு தடவையாவது நல்லதாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பெங்களூர் என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. பெட்டிக்காகத்தான் அழுதார், நிஜமாகவே அழுதார்.

"அம்மா, கன்னடம்மா! அவ கன்னடம் பேசறா!" என்று என் வீட்டுக்காரர் ஓடி வந்து தூக்கினார். "இல்லே ஐத்தெம்மா! இங்கியே இருக்குது, அதோ பாரு!"

மாமியார் மரத்துப் பின்னால் போய்ப் பார்த்தார். பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதே முந்தானையால் மூடியின் மேலிருந்த புழுதியையும் துடைத்தார். அப்புறம்தான் பழைய குரல் திரும்பியது.

"அறிவு கெட்டவளே, பேச வந்த பாஷையப் பாரு! தள்ளுடா நீ, நாள் முழுக்க ஓடியிருக்க, போய்க் கைய கழுவு. நீ வாடி. அந்தப் பக்கம் புடி."

கல்யாண நாளில் தூக்கிப் பார்த்த அதே பக்கத்துக் கைப்பிடியை அவர் பிடித்தார். மறு பக்கத்தை நான் பிடித்தேன். முக்கினோம், முனகினோம். பெட்டி அசைந்து எழும்பியது. ரோட்டைத் தாண்டிக் கொட்டகைக்குள் கொண்டுபோனோம்.

"எங்கடி வெக்கறது?" மூச்சு வாங்கியது அவருக்கு.

மறுநாள் காலையில் பாரூருக்கு ஏற்ற வேண்டும். வாசலோரமே நல்லது. காலால் இடத்தைக் காட்டினேன்.

"இல்லே, அத்தே" என்றேன்.

இந்தத் தடவை அவர் கன்னடமாக எடுத்துக்கொண்டார். இறக்கி வைத்தோம்.